உறக்கத்திலும் ஓயாத நரம்புகள்

ஏதென்ஸ், மிலன், ஸ்டாக்ஹோம், லண்டன் நகரங்களின் விமான நிலையங்களை ஒட்டி வாழும் 140 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. படுக்கையறையில் ஒலியை அளக்கும் கருவி. கையில் கால் மணிக்கு ஒருமுறை தானாக இறுகி இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. இரவில் விமானம் கடந்தபோதெல்லாம் மேல் அழுத்தம் சராசரியாக 6 புள்ளி ஏறியிருந்தது. தூக்கம் கலையாதவர்களுக்கும் இதே கதைதான். மனம் கவனிக்காத தொந்தரவையும் நரம்பு மண்டலம் கணக்கில் வைத்துக்கொள்கிறது. நவீன வாழ்க்கையின் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆபத்து என்றதும் பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்குகின்றன. அட்ரினலின் நொடிகளில் பாய்கிறது. சற்றுப் பின்னால் வரும் கார்டிசால் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆக, ஏறுவது இயல்பு. இறங்க விடாததே கேடு. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர் புரூஸ் மெக்எவன் 1998-இல் உடலைத் தேய்க்கும் அழுத்த வகைகளைப் பட்டியலிட்டபோது, அடிக்கடி தூண்டப்படுவதோடு, தூண்டல் முடிந்தும் அணையாமல் இருப்பதையும் அதில் சேர்த்தார். இரவு பத்து மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் விழும் ஒரு வரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ‘நாளைக்கு என்ன சொல்வாரோ’ என்ற யோசனை படுக்கை வரை தொடர்ந்தால், உடலின் விழிப்பும் அதனுடன் நீள்கிறது.

பஞ்சத்தையும் காலராவையும் கண்ட முன்னோருக்கு இல்லாத அழுத்தமா என்று கேட்கலாம். அவர்கள் பட்ட பாடு பெரிது. அது அவர்கள் ஆயுளையும் குறைத்தது. இன்றைய வாழ்க்கை அதைவிடக் கொடியது என்பதல்ல வாதம். சுமை குறைந்த காலத்திலும், இளைப்பாறும் இடைவெளியை நாமே மூடிவிட்டோம் என்பதுதான். மூச்சுப் பயிற்சி போதாதா என்பது அடுத்த கேள்வி. நிமிடத்துக்கு ஆறு முறை என மெதுவாக மூச்சு விட்டால் எதிர்ப்பரிவு நரம்புகளின் செயல் கூடுவது உண்மை. ஆனால் தூங்குகிறவர் மூச்சுப் பயிற்சி செய்ய முடியாது. மேலாளரின் செய்தியை ஊழியர் தடுக்கவும் முடியாது. அதனால்தான் லண்டன் ஹீத்ரோவில் இரவு விமானங்களுக்கு ஆண்டு வரம்பு இருக்கிறது. பிரான்சில் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பிந்தைய தொடர்பு குறித்து ஊழியர்களுடன் பேசித் தீர்க்க வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய விதிகள் முழுத் தீர்வல்ல. ஆனாலும் ஓய்வைத் தனிமனிதரின் மன உறுதியிடம் மட்டும் ஒப்படைக்காமல், குடிநீரையும் சாலையையும் போலப் பொதுப் பொறுப்பாகப் பார்க்கின்றன. அந்தப் பார்வைதான் சரி.