சுழலும் தண்டு சொன்ன இடத்தில் நிற்பது எப்படி?

ஓடும் மின்விசிறியை நிறுத்த விசையைத் தட்டினால் போதும். அதன் இறக்கைகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால், உலோகத்தைக் குடைந்தும் செதுக்கியும் பாகங்கள் செய்யும் இயந்திரங்களில் நிலைமை வேறு. நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழலும் தண்டு, நில் என்றால் நின்றுவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். தவறினால் உலோகத்தோடு உலோகம் மோதும்.

ஸ்பிண்டல் எனப்படும் இந்தச் சுழல்தண்டுதான் கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரத்தின் இதயம். வெட்டும் கருவி இதன் நுனியில்தான் பொருந்துகிறது. பினாங்கிலும் ஜூரோங்கிலும் நுண்பொறியியல் பட்டறைகளில் வேலை செய்வோருக்கு இது அன்றாடம் பழகிய பொருள்.

ஏன் ஒரே கோணம்?

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எண்களைக் கொண்டு கட்டுப்படுத்தப்படும் இயந்திரம் முதன்முறையாகச் செய்து காட்டப்பட்டது. 1958இல் கியர்னி அண்டு டிரெக்கர் நிறுவனத்தின் மில்வாக்கி-மேட்டிக் இயந்திரம், தானாகவே கருவிகளை மாற்றிக்கொள்ளும் ஆற்றலோடு வந்தது. அதுவரை மனிதக் கை செய்த வேலையை இயந்திரக் கை எடுத்துக்கொண்டது.

சுழல்தண்டின் முகப்பில் எதிரெதிராக இரண்டு சிறு உலோகக் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். கருவியைப் பிடித்திருக்கும் கூம்பு வடிவப் பிடியில் அவற்றுக்கு ஏற்ற இரண்டு பள்ளங்கள் உண்டு. கட்டை பள்ளத்தில் அமர்ந்தால்தான் கருவி வழுக்காமல் சுழலும். பள்ளம் பொருந்தவில்லை என்றால் மனிதன் கையால் சற்றுத் திருப்பிப் பொருத்துவான். இயந்திரக் கைக்கு அந்தப் பக்குவம் தெரியாது. அது எப்போதும் ஒரே நிலையில் கருவியை நீட்டும். ஆகவே தண்டுதான் சரியான கோணத்தில் காத்திருக்க வேண்டும்.

முளையிலிருந்து மின்சாரத்திற்கு

தொடக்கத்தில் இதற்கு ஒரு முளை உதவியது. தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு மெதுவாகச் சுழலும்போது, காற்றழுத்தத்தாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ முளை அந்தப் பள்ளத்தில் தள்ளப்பட்டுத் தண்டு பூட்டப்படும். முறை எளியதுதான். ஆனால் நாளடைவில் முளை தேய்ந்தது, பள்ளமும் தேய்ந்தது. நின்ற இடம் தளர்ந்தது.

1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிளாஷ்கே என்ற பொறியாளர் முன்வைத்த வெக்டர் கட்டுப்பாட்டு முறை, சாதாரண மாறுமின்னோட்ட மோட்டாரின் முறுக்குவிசையை நுட்பமாக ஆள வழி செய்தது. நுண்செயலிகள் மலிவானதும் அது பட்டறைக்கு வந்தது. சுழற்றும் மோட்டாரே நிறுத்தும் வேலையையும் ஏற்றுக்கொண்டது.

எப்படி நடக்கிறது?

நிரலில் பெரும்பாலும் எம் 19 என்ற கட்டளை வரும். உடனே மோட்டாரின் வேகம் குறைக்கப்படும். தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை என்கோடர் எனும் கருவி சொல்லும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை, ஒரு சுற்றுக்கு 1,024 மின்துடிப்புகளை இரண்டு வரிசைகளில், சற்று முன்பின்னாகத் தருகிறது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் சுற்றுக்கு 4,096 படிகள். அதாவது ஒரு படி சுமார் 0.088 பாகை.

இவை தவிர, சுற்றுக்கு ஒரே ஒரு முறை மட்டும் வரும் தனித் துடிப்பும் உண்டு. அதுவே தொடக்கக் குறி. அதிலிருந்து எத்தனை படி தள்ளி நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். இருக்கும் இடத்திற்கும் நிற்க வேண்டிய இடத்திற்கும் உள்ள தூரம் குறையக் குறைய வேகமும் குறையும். நிறுத்தத்தை நெருங்கும் பேருந்து ஓட்டுநர் சிறுகச் சிறுக வேகத்தைக் குறைப்பது போன்றதுதான் இது.

வேகத்தை ஏன் முதலில் குறைக்க வேண்டும்? நிமிடத்திற்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் தண்டு 36 பாகை நகர்ந்துவிடும். அந்த வேகத்திலிருந்து சட்டென்று பிடித்து நிறுத்த முடியாது.

தண்டு நின்ற பிறகும் மோட்டார் ஓய்வெடுப்பதில்லை. தண்டு நகராதபடி பிடித்துக்கொண்டே, சரியான இடத்தில் நின்றுவிட்டது என்ற சமிக்ஞையை அனுப்பும். அது கிடைத்த பிறகே இயந்திரக் கை அசையும். குறித்த நேரத்தில் கிடைக்காவிட்டால் இயந்திரம் எச்சரிக்கை தந்து நின்றுவிடும்.

என்கோடருக்குப் பதிலாகத் தண்டில் ஒரு சிறு காந்தத்தையும், அசையாத பகுதியில் ஓர் உணரியையும் பொருத்தும் முறையும் உண்டு. காந்தம் நேர் எதிரே வரும் கணத்தை உணரி காட்டிக்கொடுக்கும்.

துளையின் சுவரில் கீறல்

கருவி மாற்றத்திற்கு மட்டுமன்று, துளையின் உட்சுவரைத் துல்லியமாகக் குடைவதற்கும் இது தேவை. குடையும் கருவிக்கு ஒரு பக்கம் மட்டுமே கூர்முனை. சுழற்சியை நிறுத்தி அப்படியே வெளியே இழுத்தால் முனை சுவரில் நீளமாகக் கோடு போடும். ஜி 76 என்ற சுழற்சி முறையில், தண்டு குறித்த கோணத்தில் நின்றதும், முனை சுவரைவிட்டு விலகும்படி கருவி நகர்த்தப்பட்டு, பிறகே வெளியே எடுக்கப்படும். கருவியை யாராவது 180 பாகை திருப்பி மாட்டியிருந்தால், முனை விலகுவதற்குப் பதிலாகச் சுவருக்குள் பாயும். பல மணி நேரம் உழைத்துச் செய்த பாகம் அந்த ஒரு நொடியில் கழிவாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

சில இயந்திரங்களில் உணரி மோட்டாரில் இருக்கும். தண்டு பல் வைத்த பெல்ட்டால் சுழலும். பெல்ட்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி அமர்ந்தாலும் நிற்கும் கோணம் மாறிவிடும். கணினிக்கு அது தெரியாது. எல்லாம் சரி என்றே அது சமிக்ஞை தரும். இயந்திரக் கை கருவியைக் கொண்டுபோய்க் கட்டையில் மோதும். எனவே பெல்ட், மோட்டார், என்கோடர் எதை மாற்றினாலும், நிற்கும் கோணத்தைச் சரிபார்த்து, முதல் கருவி மாற்றத்தை மிக மெதுவாக நடத்திப் பார்ப்பதே முறை.

மற்றொன்று உயிரோடு தொடர்புடையது. எம் 19-இல் நிற்கும் தண்டு அசையாமல் இருப்பதால் மின்சாரம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அது மின்விசையால் பிடித்து வைக்கப்பட்ட தண்டு. அடுத்த கட்டளை வந்தால் சுழலும். கையை உள்ளே விடுமுன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டுவிட வேண்டும். பட்டறையில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு எம் 19-ஐக் கற்றுக்கொடுக்கும் நாளிலேயே இதையும் சொல்லிக்கொடுப்பது மூத்தவர்களின் கடமை.