புல்லுக்கும் பட்டம் உண்டு

உழவர் பத்திரிகையில் கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆச்சு என்று நினைக்காதீர்கள். விஷயம் கடைசியில் நம்ம நிலக்கடலை வேரைக் கடிக்கிற வெள்ளைப் புழுவில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாங்க.

34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில். அப்போதெல்லாம் பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கம், மறுபகுதி உரமும் பூச்சிமருந்தும். அந்தச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்ட கை இது. ஓய்வுபெற்று மூன்று ஏக்கரில் உழவு தொடங்கிய இரண்டாம் வருஷம், ஆடிப்பட்டக் கடலை திட்டுத் திட்டாக வாடியது. பிடுங்கினால் வேரே இல்லை. மண்ணுக்குள் அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தது புழு. கடைக்காரர் சொன்ன குருணை மருந்தை வாங்கிப் போட்டேன். புழு முற்றிவிட்டதால் பெரிய பலன் இல்லை. மறுநாள் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "நம்ம கிணறு அந்த வயலுக்குள்ளதானே இருக்கு? பக்கத்து நாலு வீடும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்குது?"

எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாசசூசெட்ஸ் மாநிலக் கரைக்குத் தெற்கே மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. படகில் கூட்டிப்போனாள். அங்கே எட்கர்டவுன் ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, செயற்கை மருந்தே அடிக்காமல் பராமரிக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். உறுப்பினர்கள் மட்டும் போகிற இடம். நான் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் ஊர் திரும்பும்வரை அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில், புல்லுக்கு ஏன் இவ்வளவு மருந்து என்று தெரிந்துகொள்ள வேண்டும். பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள், பருவத்தில் கிட்டத்தட்ட தினமும். செடிக்கு இலைதான் சமையல்கட்டு. இலையை வெட்டிக்கொண்டே இருந்தால் வேர் ஆழம் போகாது, நோய் சுலபமாகத் தொற்றும். மேலே ஆட்கள் நடந்து நடந்து மண் இறுகும். பலவீனமான பயிரை வைத்துக்கொண்டு, ஒரு புள்ளிகூட இல்லாத பச்சை வேண்டும் என்றால் பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி மூன்றும் வரிசையாக வந்து நிற்கும்.

அந்தத் தீவின் நிலை வேறு. தீவு மக்கள் குடிப்பது காலடியில் உள்ள நிலத்தடி நீரைத்தான். மேலே இருப்பதோ மணற்பாங்கான மண். ஊற்றுவது நேரே கீழே இறங்கும். தழைச்சத்து மிகுந்தால் கரையோர உப்பங்கழிகளில் பாசி மண்டும். அதனால் தீவின் திட்டமிடல் ஆணையம், செயற்கைப் பூச்சிக்கொல்லி வகைகள் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மைதானத்துக்கு அனுமதி கொடுத்தது. 2002இல் 18 குழிகளோடு திறந்தார்கள். என் மனைவி கேட்ட அதே கேள்வியை அங்கே ஒரு ஆணையம் கேட்டிருக்கிறது. அதுவும் மருந்து போடுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறது.

சரி, மருந்து இல்லாமல் எப்படி? பருவத்துக்கு ஏற்ற வேலைதான் பதில்.

குளிர்காலத்தில் புல் உறங்கும். உறைந்த புல்லை மிதித்தால் இலை நொறுங்கும் என்பதால் அந்தச் சமயம் ஆளை விடமாட்டார்கள். வசந்தத்தில் புல் விழித்ததும் கிரீனில் விரல் தடிமனுக்குத் துளைகள் போட்டு, மண்ணை எடுத்துவிட்டு மணல் நிரப்புகிறார்கள். இறுகிய மண்ணுக்குக் காற்றும் வடிகாலும் கிடைக்கும். களையைக் கையால் எடுக்கிறார்கள். பாசி வந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் மட்டும் தெளிக்கிறார்கள்.

கோடையில் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோய் வரும்; காசு அளவில் புல் வெளுக்கும். இலையில் ஈரம் நெடுநேரம் நின்றால்தான் அது பரவும். எனவே விடியற்காலையிலேயே பனித்துளியை இழுத்துத் துடைத்துவிடுவது முதல் வைத்தியம்.

கோடை முடியும்போது வருவது வேர்ப்புழு. கோடை நடுவில் வண்டு மண்ணில் முட்டையிடும். ஆகஸ்ட் வாக்கில் புழு சின்னதாக இருக்கும். அப்போது நன்மை செய்யும் நூற்புழுவை விடுகிறார்கள். நூற்புழு என்றதும் தக்காளி வேரில் முடிச்சுப் போடும் எதிரிதான் நமக்கு ஞாபகம் வரும். இது வேறு இனம். புழுவின் உடம்புக்குள் புகுந்து, தன் வயிற்றில் உள்ள பாக்டீரியாவை வெளியே விடும். இரண்டு மூன்று நாளில் புழு செத்துப்போகும். வெயில் பட்டால் இது பிழைக்காது. மண் ஈரமாக இருக்கும்போது சாயங்காலம்தான் விட வேண்டும். புழு முற்றிய பிறகு விட்டால் பலன் குறைவு. நான் குருணை போட்டுத் தோற்ற காரணம் எனக்கு அங்கேதான் புரிந்தது. பட்டம் தவறிய வேலை அது.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே விளையாட வருகிறவர்கள் அங்கங்கே வெளுத்த புல்லையும் ஒன்றிரண்டு களையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் எந்த நூற்புழுவும் காப்பாற்றாது.

கோல்ஃபுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பணக்கார விளையாட்டு, தண்ணீரும் நிலமும் நிறைய விழுங்கும். ஆனால் மூன்று மில்லிமீட்டர் புல்லையே விஷமில்லாமல் வளர்க்க முடிகிறபோது, முழு இலையோடு நிற்கும் கடலைச் செடிக்கு நமக்கு என்ன சாக்கு?

ஊர் திரும்பியதும் நான் மாற்றிக்கொண்டது இது. கோடை மழை பெய்ததும் ஆழ உழுகிறேன். மேலே வரும் புழுவைக் கொக்கும் மைனாவும் பொறுக்கிவிடும். முதல் நல்ல மழைக்குப் பிறகு, இருட்டும் நேரத்தில் பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்தில் வந்து அப்பும். பெட்ரோமாக்ஸ் காலம் போய் இப்போது டார்ச். பேரப்பிள்ளைகளோடு கிளையை உலுக்கி, விழுவதைச் சோப்புத் தண்ணீரில் போடுகிறோம். ஒரு வண்டு போனால் அது இடவேண்டிய அத்தனை முட்டையும் போச்சு. கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கும், மக்கிய தொழு உரத்தில் கலந்து வைத்த மெட்டாரைசியம் பூஞ்சையும் இடுகிறேன். அதுவும் ஈரம் இருக்கும்போது, சாயங்காலத்தில்.

இப்போதும் இரண்டு மூன்று திட்டு வாடத்தான் செய்கிறது. விட்டுவிடுகிறேன். வங்கியில் வாராக்கடனுக்கு என்று லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதே மாதிரி புழுவுக்கும் ஒரு ஒதுக்கீடு என் கணக்கில் உண்டு. குருணை வாங்கும் செலவைவிட அது குறைவாகவே வருகிறது. நாலு வீடும் இன்னும் அதே கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறது.

இந்த வருஷம் கோடை மழை பெய்த அன்று சாயங்காலம், ஒரு டார்ச்சோடு உங்கள் வயலோர வேப்பமரத்தடிக்கு ஒரு நடை போய்ப் பாருங்க.