சேர்த்து வைத்தால் புதுமையாகுமா?

பட்டறையில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மோட்டார் சற்று நேரம் சுழன்றுகொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை விரைவில் நிறுத்த ஒரு வழி உண்டு. மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு வரும் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றி இணைத்தால், உள்ளே சுழலும் காந்தப் புலம் எதிர்த்திசையில் திரும்பி அதை மறிக்கும். ஆனால் வேகம் முற்றும் தணியும் அக்கணமே மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். தவறினால் மோட்டார் பின்னோக்கி ஓடத் தொடங்கும். அக்கணத்தை அறியவே தண்டில் வேகமறியும் கருவியைப் பொருத்துகிறார்கள்.

மறிக்கும் முறையும் பழையது, கருவியும் பழையது. இவ்விரண்டையும் வேறோர் இயந்திரத்தில் இணைத்தவர் பேட்டண்ட் கேட்டால் கொடுக்கலாமா? கொடுத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை பிறர் அவர் அனுமதியின்றி அதைச் செய்ய இயலாது.

இக்கேள்விக்குப் பெயர்பெற்ற விடை, மோட்டார் வழக்கில் அன்று, காரின் மிதி பற்றிய அமெரிக்க வழக்கொன்றில் கிடைத்தது. ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப நகர்த்தக்கூடிய ஆக்ஸிலரேட்டர் மிதி முன்பே இருந்தது. மிதி அமிழ்வதை உணர்ந்து எஞ்சினுக்கு மின்குறியாக அனுப்பும் கருவியும் இருந்தது. அதை நகரும் பகுதியில் வைத்தால் கம்பி உராய்ந்து தேயும் என்பதும் அறிந்ததே. ஆகவே இடம்பெயராத கீலில் அதைப் பொருத்தி, 2001இல் பேட்டண்ட் பெற்றனர். அதன் உரிமம் பெற்ற டெலிஃப்ளெக்ஸ், கே.எஸ்.ஆர். என்ற கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது.

கீழ் நீதிமன்றம், இது எவருக்கும் தோன்றக்கூடியதே என்றது. மேன்முறையீட்டு நீதிமன்றமோ, இவ்விரண்டையும் சேர்க்குமாறு தூண்டும் சான்று போதாது என்று அதை மாற்றியது. 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அதைத் திருப்பினர். தொழில் தெரிந்தவன் ஏட்டில் எழுதியிருந்தால்தான் அசைவான் என எண்ணலாகாது. அவனுக்கும் சிறிது கற்பனை உண்டு என்பது அவர்கள் கருத்து.

தீர்ப்பு சரியென்றே நான் கருதுகிறேன். எனினும் ஓர் அச்சம் உண்டு. விடை தெரிந்த பின் எந்த விடுகதையும் எளிதுதானே? நீதிபதிகளும் இதைச் சுட்டாமலில்லை.

மின்சாரம் நின்ற பிறகும் சுழலும் நிலைக்காந்த மோட்டார், தானே மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. வேகம் குறையக் குறைய அதுவும் குறையும். தண்டிலுள்ள கருவியையே நீக்கிவிட்டு, இந்த அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அறியலாம் என முதலில் எண்ணியவர் என்னிடம் வந்திருந்தால், தயங்காமல் பேட்டண்ட் கொடுத்திருப்பேன்.