சாயல்குடி கரையில் கொடுவா பிடிக்கணுமா? முதல் தூண்டில் வீசும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

யூடியூபில் ‘பாஸ் ஃபிஷிங்’ வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் தூண்டில் செட் ஆர்டர் போட்டாச்சா? அந்த வீடியோக்களில் அதிகம் வரும் லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம்ம கடலோரத்தில் அதே த்ரில்லைத் தருவது கொடுவா. ஏஷியன் சீபாஸ் என்பதும், ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்பதும் இதுதான்.

எங்கே, எப்போது?

சாயல்குடிக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. மூக்கையூர் அருகே குண்டாறு கடலில் கலக்கிறது. கொடுவாவுக்கு இப்படிப்பட்ட முகத்துவாரம்தான் முக்கியம். கடலும் ஆறும் கலக்கும் இடத்தை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் உவர்நீரிலும் நன்னீரிலும் வளரும்.

குண்டாறு பெரும்பாலான மாதங்கள் வறண்டே கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வந்தால் நிலைமை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் இந்தக் கடல் கொந்தளிக்கும். புதியவர்கள் அப்போது இறங்க வேண்டாம்.

கொடுவா துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கியிருந்து பாயும் மீன். பாறை, பாலத் தூண், தண்ணீர் ஓட்டம் திரும்பும் மூலை ஆகியவற்றின் ஓரத்தில் வீசுங்க. விடிகாலை, அந்தி, ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் ஓடும் நேரம் ஆகியவை நல்லது. “அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கு?” என்று கரையில் வலை சரிசெய்பவரிடம் கேட்டால், எந்த ஆப்பும் தராத தகவல் கிடைக்கும்.

என்னென்ன வாங்கணும்?

7 முதல் 9 அடி கம்பு, 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 முதல் 30 பவுண்டு பிரெய்ட் நரம்பு போதும். அதன் முனையில் சுமார் 40 பவுண்டு தங்கூசி நரம்பை ஒரு முழத்துக்கு மேல் கட்டணும். கொடுவாவின் வாய் அரம் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடி கத்தி மாதிரி கூர்மை. வெறும் பிரெய்ட் அறுந்துவிடும்.

இரைக்கு உயிர் இறால், சின்ன மடவை. போலி இரை என்றால் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும் மீன் வடிவ லூர். அதை மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கணும். பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் கடி விழும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

முதல் நாளே கொடுவா மாட்டாது. மணல் கரையில் சின்னத் தூண்டிலும் இறால் துண்டும் போட்டுக் கிழங்கான் பிடித்துக் கை பழகுங்க. பேத்தை மாட்டினால் திருப்பி விடுங்க. சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் நடக்கும்போது காலைத் தேய்த்தபடி நடந்தால் மணலில் புதைந்த திருக்கை விலகிப் போகும்.

பெரிய மீனை ஏன் விடணும்?

கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சியடைகிறது. சில ஆண்டுகள் கழித்து, நீளம் ஒரு மீட்டரை நெருங்கும் காலத்தில் பெண்ணாக மாறுகிறது. அதாவது செல்ஃபிக்கு ஆசைப்பட வைக்கும் அந்த ராட்சத மீன், லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய் மீன். ரொம்பச் சின்னதைப் பிடித்தால் அது ஒரு தடவைகூட இனம் பெருக்கியிருக்காது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கரையில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. நடுத்தர மீன் ஒன்றை மட்டும் குழம்புக்கு எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது இங்கேயும் பின்பற்றக்கூடிய வழக்கம்தான்.

விடுவதற்கும் முறை இருக்கு. கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் எளிதாகக் கழலும். ஈரக் கையால் கிடைமட்டமாகப் பிடிங்க. செவுளுக்குள் விரல் விட்டால் மீனுக்கும் காயம், விரலுக்கும் காயம். போட்டோ சில நொடிகளில் முடியட்டும்.

எங்கே போகக்கூடாது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. இந்தக் கரைக்கு எதிரே இருக்கும் நல்லதண்ணி, உப்புத்தண்ணி தீவுகளும் அதில் அடக்கம். அங்கே தூண்டிலோடு போகக்கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறை அல்லது வனத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்க.

மூக்கையூர் துறைமுகத்தில் படகுகள் வந்துபோகும் வழியில், விரித்த வலைக்கு மேல் தூண்டில் வீசாதீங்க. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அவங்களுக்கு அன்றைய வருமானம். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் எடுத்து வந்துவிடுங்க. கரையில் விட்டால் ஆமையின் துடுப்பிலோ கொக்கின் காலிலோதான் சுற்றிக்கொள்ளும்.