வாத்தியாரம்மா ஆக சான்றிதழ் மட்டும் போதுமா?

"பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?"

"பி.எஸ்ஸி. முடிச்சு, பி.எட்.டும் முடிச்சிருக்குதுங்க. ஆனா வேலைக்குப் போகணும்னு கட்டாயம் ஒண்ணுமில்லீங்க."

எங்கள் கெங்கவல்லிப் பக்கம் கல்யாணப் பேச்சுகளில் இந்தப் பதிலைச் சர்வ சாதாரணமாகக் கேட்கலாம். பி.எட். பட்டம் சீர்வரிசையில் சேர்ந்த இன்னொரு பொருள் மாதிரி ஆகிவிட்டது. பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருக்கிறது!

ஆசிரியர் கல்வியியல் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆத்தூர், தம்மம்பட்டி, வீரகனூர் என்று சுற்று வட்டாரத்துப் பெண்கள் எத்தனையோ பேர் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். கல்யாணமாகாதவர்களும் உண்டு; கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தவர்களும் உண்டு. பி.எட். சேரலாமா என்று யோசிக்கும் சகோதரிகளுக்கும், அவர்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெரியவர்களுக்கும் சில விஷயங்கள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒதுக்கப்பட்டவர்கள் ஆசிரியைகளான கதை

சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கென்று அரசுப் பள்ளி ஒன்று 1856லேயே தொடங்கிவிட்டது. அதுதான் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. ஆனால் பெண்களுக்கு இந்தக் கதவைத் தாராளமாகத் திறந்துவிட்டவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் சகோதரி சுப்புலட்சுமி.

1886ல் பிறந்தவர் அவர். விளையாடுகிற வயதில் கல்யாணம். விவரம் தெரிவதற்குள் விதவைக் கோலம். தகப்பனார் துணை நின்றார். 1911ல் பி.ஏ. தேறினார். மறு வருஷமே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, தம்மைப் போன்ற பால்ய விதவைகளைச் சேர்த்து வைத்துப் படிக்க வைத்தார். பின்னாளில் அந்த இல்லம் இருந்த இடம் சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடம். 1922ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் தலைமைப் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1958ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969ல் மறைந்தார்.

சுப காரியங்களில் எதிரே வரக்கூடாது என்று மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள், சேர்ந்து தங்கி, சேர்ந்து படித்து, ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி துணை என்பதுதான் ஆசிரியர் பயிற்சிக்கு அஸ்திவாரம். நூறு வருஷம் கழித்தும் அது மாறவில்லை.

எங்கள் சேலம் மாவட்டத்துக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1997ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. 2008ல் ஆசிரியர் கல்விக்கென்றே தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தோன்றியது. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015-16 முதல் இரண்டாண்டு ஆயிற்று. அந்த இரண்டாண்டில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி.

"வரவே வேண்டாங்கம்மா!"

இங்கேதான் ஒரு சங்கடம். இரண்டு வருஷம் என்றதும் குடும்பப் பெண்கள் மலைத்துப் போகிறார்கள். அந்த மலைப்பைத் தெரிந்துகொண்டு சில தரகர்கள் வீடு தேடி வருகிறார்கள். "அட்மிஷன் போட்டுடுங்கம்மா. கிளாசுக்கெல்லாம் வரவே வேண்டாம். பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும். ரிக்கார்டு நோட்டுகூட எழுதிக் கொடுக்க ஆள் இருக்கு" என்று ஆசை காட்டுகிறார்கள்.

என் மாணவி ஒருத்திக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அப்போது அவள் குழந்தைக்கு எட்டு மாசம். மாமியாருக்கு ஏற்பாடு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அந்தப் பெண் மட்டும், "அத்தை, சமையல் தெரியாதவளுக்குச் சமையல்காரின்னு சீட்டு எழுதிக் கொடுத்தா, சோறு வெந்துடுமா?" என்று கேட்டாளாம். மாமியார் யோசித்தார். கடைசியில், "சரி போ. பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் தினமும் பஸ்ஸில் வந்து போனாள். இப்போது அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆறு நிமிஷப் பாடம்

அப்படி நேரில் வந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒன்றைச் சொல்கிறேன். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963 வாக்கில் உருவான முறை இது. தோழிகள் ஐந்து முதல் பத்துப் பேர் மாணவிகளாக உட்காருவார்கள். ஒருத்தி 6 நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். கேள்வி கேட்பது, விளக்கிச் சொல்வது, கரும்பலகையில் எழுதுவது என்று ஒரு சமயத்தில் ஒரே திறமைதான். அடுத்த 6 நிமிஷம் மற்றவர்கள் குறை நிறை சொல்ல வேண்டும். 12 நிமிஷம் திருத்தி எழுத. மறுபடி 6 நிமிஷம் பாடம். 6 நிமிஷம் அபிப்பிராயம். மொத்தம் 36 நிமிஷம்.

கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால், "நீ கரும்பலகையைப் பார்த்தே பேசறே, எங்களைப் பார்க்கவே இல்லை" என்று தோழி ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லும்போதுதான் நம் குறை நமக்குத் தெரியும். சொல்கிறவளும் கோபம் வராத மாதிரி சொல்லப் பழகுகிறாள்; கேட்கிறவளும் அழாமல் கேட்டுக்கொள்ளப் பழகுகிறாள். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் நல்லதுதானே?

கிழங்கும் ஆறும் பாடமாயின

பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போகும்போதுதான் நிஜமான பரீட்சை. ஸ்டார்ச் பற்றி நடத்தப் போன ஒரு பெண், கையில் மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசியும் கொண்டு போனாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிழங்கு புதிதா என்ன? கிழங்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டாள். கருநீலமாக மாறியது. ஜவ்வரிசியிலும் அதே நிறம். "டீச்சர், எங்கப்பா வேலை பார்க்கற சேகோ மில்லுல இதைத்தான் எடுக்கறாங்களா?" என்று கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து கேட்டான். அதுவரை வாயே திறக்காதவன்!

இன்னொருத்தி பூகோளம் எடுத்தாள். கொல்லிமலையிலிருந்து இறங்கி நம் ஊர் வழியாகப் போகும் சுவேத நதியும், ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது என்று படம் போட்டுக் காட்டினாள். "நம்ம ஆறு கடலுக்குப் போகுதா டீச்சர்!" என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். தினமும் தாண்டிப் போகிற ஆறுதான். சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது.

சாதனை என்றால் மெடலும் ரேங்க்கும் மட்டுமல்ல. அந்தக் கடைசி பெஞ்சுப் பையனைப் பேச வைத்தாளே, அதுவும் சாதனைதான். இதை வீட்டிலிருந்தபடி யாரும் கற்க முடியாது.

தொண்டை, கால், தண்ணீர்

இந்தப் படிப்பில் உடம்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் போகிற பெண்களுக்கு நான் எப்போதும் சொல்வது இவைதான்:

காலைப் பட்டினி கூடாது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு டம்ளர் டீயோடு ஓடுவார்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, பயறு வகை ஏதாவது தினமும் இருக்கட்டும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ, காப்பி வேண்டாம்.

தண்ணீர் குடிக்கப் பயப்படக்கூடாது. கழிப்பறை வசதியை நினைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தொண்டை நனைக்காத பெண்கள் அநேகம். சிறுநீரை அடக்குவதும், தண்ணீரைக் குறைப்பதும் நீர்த்தாரைத் தொற்றில் கொண்டு விடும். தண்ணீர் குறைந்தால் குரலும் கம்மும்.

கத்திப் பாடம் நடத்த வேண்டாம். வகுப்பு இரைந்தால் கைதட்டியோ, சும்மா நின்றோ அமைதி வரவழைக்கலாம். கடைசி பெஞ்சு வரை நடந்துபோய்ப் பேசினால் பாதிக் குரல் போதும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் சுண்ணாம்புத் தூசி பறக்காது.

ஒரே இடத்தில் நிற்காமல் அப்போதைக்கப்போது நடங்கள். வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தைத் தரும் மாமியாருக்கும் கணவனுக்கும் புண்ணியம்!

வேலை கிடைக்குமா?

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கியவர்கள் அதிகம். அரசு வேலை குறைவு. எட்டாம் வகுப்பு வரை நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2012ல் முதல் முறை நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. மனப்பாடம் கைகொடுக்காத தேர்வு அது. பெண்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. முன்பு அந்தத் தேர்ச்சி ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும். 2021ல் அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். பிரசவம், பிள்ளை வளர்ப்பு என்று சில வருஷம் விட்டுப் போனாலும், பெற்ற தகுதி கையை விட்டுப் போகாது.

சேருவதற்கு முன் கல்லூரிக்கு ஒரு நடை நேரில் போய்ப் பாருங்கள். அங்கீகாரமும் இணைப்பும் இருக்கிறதா, வகுப்பு தினமும் நடக்கிறதா, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே படிக்கும் பெண்களிடம் விசாரியுங்கள். "வர வேண்டாம்" என்று சொல்லும் இடத்துக்கு நீங்களும் போக வேண்டாம்.

படிப்பு முடிந்த பிறகும் உடன் படித்த நாலு பேரோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். தகுதித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கவும், புதுப் பள்ளியில் முதல் வாரம் தடுமாறும்போது கேட்கவும் அவர்களைவிட நல்ல துணை கிடையாது. வேலை கிடைக்கும்வரை தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுங்கள். கற்ற கலை துருப்பிடிக்காது. அந்தப் பத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள் உங்களை வாயார வாழ்த்துவார்கள்.