பல் மட்டும் மிஞ்சிய சுறா

வரைபடத்தில் பிபராஹ் என்ற ஊரைத் தேடுங்கள். அது தெற்கு ஜெர்மனியில், உல்ம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குப் போக, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யணும். ஆனால் பக்கத்தில் உள்ள பால்ட்ரிங்கன் கிராமத்தில், மணற்கல் வெட்டிய இடங்களில் சுறாப் பற்கள் கிடைத்தன! யோசெப் ப்ரோப்ஸ்ட் என்ற பாதிரியார், 19ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சேகரித்தார்.

கடல் இல்லாத ஊருக்குச் சுறா எப்படி வந்தது? சுறா வரவில்லை, கடல்தான் போய்விட்டது! சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே ஆழம் குறைந்த ஒரு கடல் இருந்தது. அதன் அடியில் சேர்ந்த மணல்தான் இன்று பாறையாக இருக்கிறது. மெகலோடன் என்ற ராட்சதச் சுறாவின் பற்களும் அந்தப் பாறைகளில் உண்டு. மெகலோடன் என்றால் கிரேக்க மொழியில் 'பெரிய பல்' என்று பொருள். மிகப் பெரிய பல் சுமார் 18 சென்டிமீட்டர் நீளம். உங்க ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்!

சரி, ஏன் பல் மட்டும் கிடைக்கிறது? வீட்டில் சுறாப் புட்டு சாப்பிட்டிருக்கிறீர்களா? அதற்குச் சுறாவை வேகவைத்து உதிர்க்கும்போது, கெட்டியான முள் வராது. சுறாவின் உடலுக்குள் இருப்பது குருத்தெலும்பு. உங்க காது மடலைத் தொட்டுப் பாருங்கள். அதில் இருப்பதும் குருத்தெலும்புதான். அது சீக்கிரம் அழுகிவிடும், பல் அழுகாது. நமக்குப் பால் பல் ஒரே தடவைதான் விழும். சுறாவுக்கோ வாழ்நாள் முழுக்கப் பற்கள் விழுந்து விழுந்து முளைக்கும். ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களைக் கடலில் விட்டுவிட்டுப் போகும்.

முன்பு ஐரோப்பாவில் பலர், இந்தப் பற்களைக் கல்லாக மாறிய பாம்பு நாக்கு என்று நம்பினார்கள். 1666இல் இத்தாலியில் மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடித்தார்கள். அதன் தலையை நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் மருத்துவர் அறுத்துப் பார்த்தார். சுறாவின் பல்லும் அந்த 'நாக்கும்' ஒரே மாதிரி இருந்தன! "இவை பழைய சுறாக்களின் பற்கள்தான்" என்று அவர் விளக்கினார்.

மெகலோடன் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது. அதன் முழு எலும்புக்கூடு இதுவரை கிடைக்கவில்லை. பற்களையும் சில முதுகெலும்புத் துண்டுகளையும் வைத்துத்தான் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். சிலர் 15 மீட்டர் என்கிறார்கள், சிலர் 20 மீட்டருக்கும் மேல் என்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கமும் டைனோசர் காலத்தில் கடலாக இருந்தது. அங்கேயும் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. இன்று அரியலூரிலிருந்து கடற்கரைக்கு எவ்வளவு தூரம்? வரைபடத்தில் பார்த்து, வகுப்பில் சொல்லுங்கள்.