ஒரு தண்டில் இரண்டு கேங்

பழைய ரேடியோவில் ஸ்டேஷன் குமிழைத் திருகினால், உள்ளே ஒரே தண்டில், திருகத் திருகக் கொள்ளளவு மாறும் இரண்டு கேங் கண்டென்சர்கள் சேர்ந்தே சுழலும். முதலாவது ஏரியலில் வந்துசேரும் அலைகளில் நமக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கிறது. இரண்டாவது, ரேடியோ தானே ஓர் அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டருக்கு உரியது. இரண்டு அலைகளையும் கலந்து வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் முறையை எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்தார். வித்தியாசம் எந்த ஸ்டேஷனிலும் மாறக்கூடாது. பெரும்பாலான பழைய ரேடியோக்களில் அது 455 கிலோஹெர்ட்ஸ்.

சிக்கல் இங்கேதான். மத்திய அலை 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய மூன்று மடங்கு. அதிர்வெண் மூன்று மடங்காக வேண்டுமென்றால் கண்டென்சரின் கொள்ளளவு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். ஒரு கேங் தரக்கூடியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் சிற்றலைக்கு, கண்டென்சரோடு சேர்ந்து அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் வேறு காயில்களும் அவற்றை மாற்ற ஒரு பேண்ட் சுவிட்சும் தேவைப்படுகின்றன.

ஆஸிலேட்டரோ எப்போதும் 455 மேலே நின்று, 985இலிருந்து 2055 வரை போனால் போதும். அதன் கொள்ளளவு நாலேகால் மடங்குக்குச் சற்று அதிகமாக மாறினால் சரி. தண்டு ஒன்று, கணக்கு இரண்டு! ஆஸிலேட்டர் கேங்கோடு தொடராகப் பேடர் என்ற கண்டென்சரையும் இணையாக ட்ரிம்மர் என்ற இன்னொன்றையும் சேர்த்து இதைச் சமாளித்தார்கள். பேடர் கீழ்க்கோடியைச் சரிசெய்யும், ட்ரிம்மர் மேற்கோடியை. ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும் என்பதால் மாறி மாறித் திருக வேண்டும். அப்படியும் மூன்று இடங்களில்தான் அச்சாகப் பொருந்தும். மற்ற இடங்களில் சிறு பிழை இருந்தே தீரும். அந்தப் பிழை காதுக்குத் தெரியாதபடி பரப்பி வைத்ததை ரேடியோ வடிவமைப்பின் மிக நுட்பமான வேலை என்பேன்.

சிற்றலையில் சோதனை இன்னும் கடுமை. சூட்டில் காயில் விரிந்து ஆஸிலேட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினால், 1 மெகாஹெர்ட்ஸில் அது 1 கிலோஹெர்ட்ஸ்தான். 15 மெகாஹெர்ட்ஸிலோ 15 கிலோஹெர்ட்ஸ். ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஸ்டேஷன்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் கேட்டுக்கொண்டிருந்த நிகழ்ச்சி தொலைந்துபோகும். பீங்கான் மேல் சுற்றிய காயில், மைக்கா கண்டென்சர், குட்டையான ஒயர் எல்லாம் இதற்காகவே.

பேண்ட் சுவிட்சிலும் ஒரு கண்ணி உண்டு. பயன்படாத காயில் தன் சொந்தக் கொள்ளளவோடு சேர்ந்து தானே ஒத்ததிர்ந்து, அருகிலுள்ள ஆஸிலேட்டரின் ஆற்றலை உறிஞ்சிவிடும். டயலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ரேடியோ ஊமையாகும். நல்ல சுவிட்ச் ஒரு காயிலை இணைக்கும்போதே மற்றவற்றை ஷார்ட் செய்துவிடும்.

இன்றைய கைபேசிச் சில்லுக்குள் கேங் இல்லை. மின்னழுத்தத்தால் கொள்ளளவு மாறும் வேராக்டர் இருக்கிறது. தனியாக அதன் வீச்சும் போதாது. ஆகவே சிறு கண்டென்சர் வரிசைகளை டிரான்சிஸ்டர்கள் இணைத்தும் விலக்கியும் பட்டையைத் துண்டு துண்டாகக் கடக்கின்றன.